தொங்கும் ரூஃப் துணியை மாற்றுவது எப்படி?

டிஎன் 74, டிஎன் 75, கேரள எல்லை தாண்டினால் கேஎல் 19. எந்த நம்பர் போட்ட காரானாலும் சரி, களியக்காவிளைப் பக்கம் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டியில் மேல் துணி இறங்கி நிற்பதைப் பார்க்கலாம். முதலில் பின் கண்ணாடி ஓரத்தில் ஒரு சிறிய உப்பல் தெரியும். நாள் போகப் போக அது பின்சீட்டில் இருப்பவர் தலையில் படும், ஜன்னலைத் திறந்து ஓட்டினால் படபடக்கும். கடைசியில் உள்கண்ணாடியையே மறைத்துவிடும். பின்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி நெருங்கி வரும் நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் இதை அழகுக் குறை என்று மட்டும் விட்டுவிட முடியாது.

பலரும் குண்டூசி குத்துகிறார்கள், ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள், துணியைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பசை தடவி அமுக்குகிறார்கள். நாலு நல்ல வெயில் அடித்ததும் பழைய கதைதான். உடனே பசையைக் குறை சொல்கிறோம். உண்மையில் கெட்டுப்போயிருப்பது துணிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்ச். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

1990-களின் கடைசியிலிருந்து வந்த பெரும்பாலான கார்களில் கூரைத் தகரத்துக்கு அடியில், அச்சில் அழுத்தி வளைத்த ஒரு கெட்டி அட்டை இருக்கும். அந்த அட்டையில் ஒட்டியிருப்பது வெறும் துணி அல்ல. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்பாஞ்ச் ஒட்டிய துணி. துணி ஸ்பாஞ்சைப் பிடித்திருக்கிறது, ஸ்பாஞ்ச் அட்டையைப் பிடித்திருக்கிறது. அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்த பொருள். இன்று மெத்தை முதல் ஷூ அடிப்பாகம் வரை எங்கும் இருக்கிறது. இதன் ஒரு வகைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது. காற்றிலுள்ள நீராவி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடி நொறுங்கி உதிர்வதும் இதே காரணத்தால்தான்.

நம் ஊரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நடுவில் வரும் வெயிலும் லேசானதல்ல. மூடி நிறுத்திய காரின் கூரை உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் கார் மாதக்கணக்கில் கண்ணாடி ஏற்றியபடி நிற்கிறது. மழைக்காலத்தில் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை. அதனால்தான் அதிகம் ஓடாத, பளபளவென்று இருக்கும் வண்டியிலும் துணி தொங்குகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. தொங்கும் இடத்தில் துணியை லேசாகப் பிரித்து உள்ளே விரலால் தேயுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ பொடி ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்பாஞ்ச் முடிந்துவிட்டது. அதன்மேல் எந்தப் பசையைத் தடவினாலும் அது பொடியைப் பிடிக்கும், அட்டையைப் பிடிக்காது. மணல் படிந்த சுவரில் காகிதம் ஒட்டுவது போலத்தான். பழைய துணியையும் பொடியையும் முழுக்க எடுத்துவிட்டு, ஸ்பாஞ்ச் ஒட்டிய புதுத் துணி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓர் ஓரம் மட்டும்தானே விட்டிருக்கிறது, அங்கே மட்டும் ஒட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே நாளில் செய்த ஸ்பாஞ்ச், ஒரே வெயிலில் வெந்தது. மீதியும் சீக்கிரம் வரும்.

இன்னொரு வகைக் கூரையும் உண்டு. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்த அம்பாசடர், அதற்கு முன்பே நின்றுபோன பிரீமியர் பத்மினி போன்றவற்றில் அட்டை கிடையாது. துணியிலோ ரெக்சினிலோ குறுக்கே உறைபோலத் தைத்து, அதில் கம்பிகளைக் கோத்துக் கூரையில் தொங்கவிட்டு, ஓரங்களை இழுத்து ஒட்டியிருப்பார்கள். இதற்குத் தையல் தெரிந்த, கார் சீட் வேலை செய்யும் குஷன் கடைக்காரர் வேண்டும். ஒவ்வொரு கம்பியின் வளைவும் வேறு. கழற்றும்போதே வரிசை எண் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பழைய துணியைத் தூக்கி எறிய விடாதீர்கள், புதியதை வெட்ட அதுதான் அளவு. இந்த வகையை வீட்டில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. அட்டைக் கூரை அப்படியல்ல. பொறுமையும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் சொந்தமாகவே செய்யலாம். இனிச் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

வேலையைத் தொடங்கும் முன் தண்ணீர்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். துணியில் பழுப்புக் கறை இருந்தால் முன் கண்ணாடி ரப்பர், ஆன்டெனா துளை, கேரியர் போல்ட், கூரையோரத்து வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து அடைத்துவிட வேண்டும். கசிவை விட்டுவிட்டுத் துணியை மாற்றினால் போட்ட பணம் மழையோடு போகும்.

பருவமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஜூன், ஜூலையிலும் ஐப்பசி மழையிலும் வேண்டவே வேண்டாம். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது தடவிய இடம் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பசைமேல் பனிபோல நீர் படியும். கண்ணுக்கு வெள்ளைப் படலமாகத் தெரியும். அந்த இடம் ஒட்டாது.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மர வேலைக்கு வாங்கும் வெள்ளை ஃபெவிகால் இதற்கு ஆகாது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ஆகாது. அது நம் விளவங்கோட்டுத் தோட்டங்களில் வடிகிற பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பரால் ஆனது, சூட்டில் இளகிவிடும். குளோரோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்து, சூடு தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள். சீட் வேலை செய்யும் கடைகளில் புழங்குவது இந்த வகைதான். துணியும் கார் கூரைக்கென்றே வரும் துணியாக இருக்கட்டும். ஜன்னல் திரைத் துணி அழகாக இருக்கலாம். ஆனால் கார் உட்புறப் பொருள்கள் எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கலாம் என்பதற்குத் தரநிலை உண்டு, திரைத் துணி அதற்காகச் செய்ததல்ல. அட்டையின் நீள அகலத்தை வளைவோடு சேர்த்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டராவது கூட விட்டு வாங்குங்கள்.

கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பில்லர் கவரில் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கூரையோரத்தில் காற்றுப்பை மடங்கி இருக்கிறது. அந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மற்றவற்றில் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு ரூம் லைட், சன் வைசர், கைப்பிடிகள், பில்லர் கவர்கள், டோர் பீடிங், மேலே பிடித்திருக்கும் சீட் பெல்ட் போல்ட் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். திருகுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடையும், புதியவற்றை முன்பே வாங்கி வைப்பது நல்லது. முன் சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பிடித்து அட்டையை வெளியே எடுக்க வேண்டும். டிக்கி கதவு பெரிதாகத் திறக்கும் வண்டியில் அந்த வழியே எடுப்பது சுலபம். அட்டை மடங்கினால் உடைந்துவிடும், அவசரம் காட்ட வேண்டாம். வெளியே வந்ததும் கூரைத் தகரத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்துப் பிரைமர் அடிக்க இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது.

வேலையின் உயிர் சுத்தம் செய்வதில் இருக்கிறது. துணியை உரித்தால் பொடி புழுதியாகப் பறக்கும், முகக்கவசம் அவசியம். திறந்த முற்றத்தில் மேசைமேல் அட்டையை வைத்து, துணி துவைக்கும் பிரஷ் போன்ற ஒன்றால் ஒரு பொடி கூட மிஞ்சாமல் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் அட்டையையே கிழிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. கையால் தடவிப் பார்த்து விரலில் ஒன்றும் ஒட்டாத வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அலுப்பில் இங்கே விட்ட ஒவ்வொரு திட்டும் பிறகு ஓர் உப்பலாகத் தெரியும். கீறலோ உடைசலோ இருந்தால் பின்பக்கம் ஃபைபர் துணி ஒட்டிச் சரிசெய்து காயவிடுங்கள்.

பசை ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. மூடிய அறையும் கூடாது. துணியை அட்டைமேல் விரித்து நடுவில் சரியாக நிறுத்தி, பாதியை மடித்துப் போடுங்கள். அட்டையின் அந்தப் பாதியிலும் துணியின் ஸ்பாஞ்ச் பக்கத்திலும் மெல்லியதாக, சமமாகப் பசை தடவுங்கள். தடித்துப் பூசினால் துணியின் முகப்பில் கறையாக ஊறி வரும். டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, விரல் வைத்தால் நூல் இழுக்காத பதம் வந்ததும், நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போங்கள். இந்தப் பசை தொட்டதும் பிடிக்கும், இழுத்துத் திருத்த முடியாது. பள்ளமான இடங்களில் துணியைக் குறுக்கே இழுத்து நிறுத்தாமல் பள்ளத்துக்குள் விட்டு அமுக்குங்கள். இழுத்து ஒட்டிய துணி வெயிலில் முதலில் விடுவது அங்கேதான். பலமாக அழுத்தினால் ஸ்பாஞ்ச் நசுங்கித் தடம் விழும். பிறகு மறு பாதி. ஓரத்தில் மிஞ்சுவதைக் கொஞ்சம் விட்டு வெட்டி, அட்டையின் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். விளக்கு, கைப்பிடித் துளைகளில் பெருக்கல் குறிபோல வெட்டி நுனிகளை உள்ளே மடியுங்கள்.

ஒரு நாள் முழுக்க நிழலில் காய்ந்த பிறகுதான் வண்டிக்குள் ஏற்ற வேண்டும். கழுவிய கையோடு பிடியுங்கள், வெளிர் நிறத் துணியில் கிரீஸ் பட்டால் போகாது. எல்லாம் மாட்டிய பின் சீட் பெல்ட் போல்ட்டை மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, அளவான இறுக்கத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பசை நெடி போகும் வரை கண்ணாடிகளைத் திறந்து நிழலில் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியென்றால், மழையில்லாத நாளில் வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்து காற்றாட விடும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.