நகைப்பேழையின் நிறங்கள்

1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை ஆராய்ந்த ஜான் ஹெர்ஷல், திரிசங்கு மண்டலத்திலுள்ள ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டு, பல வர்ண இரத்தினங்கள் நிறைந்த பேழைக்கு அதனை ஒப்பிட்டார். உஷ்ணம் மிகுந்த நீல விண்மீன்களின் நடுவே, உஷ்ணம் குறைந்த செந்நிற விண்மீன் ஒன்று சுடர்வதே அதன் தனிச் சௌந்தரியம். இன்று சிறிய தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி அவ்வர்ணங்களைப் படம்பிடிக்க விழையும் அன்பர்கள், ஒளியை நெடுநேரம் ஏற்கவிட்டால் பிரகாசமான விண்மீன்களின் மையம் நிரம்பி, நீலமும் சிவப்பும் ஒருங்கே வெண்மையாகிவிடும் என்பதையும், அவ்வாறு அழிந்த நிறத்தைப் பின்னர் எந்த உபாயத்தாலும் மீட்க இயலாது என்பதையும் அவசியம் நினைவில் கொள்ளவேண்டும். சில விநாடிகளே ஒளிபடும்படி பல படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பதே உத்தமம்.