வலிக்கலையா? அப்போ உஷார்!

நிலைப்படியில் கால் சுண்டுவிரலை இடிச்சுக்காத ஆள் யாராவது இருக்கீங்களா மக்களே? அடுத்த தடவை இடிச்சுக்கும்போது (கட்டாயம் இடிச்சுக்குவீங்க) கொஞ்சம் கவனிங்க. முதலில் 'சுரீர்'னு ஒண்ணு. அப்பாடா முடிஞ்சதுன்னு நினைக்கும்போது, மெதுவா 'விண்விண்'னு இன்னொண்ணு. ரெண்டும் வேற வேற நரம்பு இழைகளில் வருபவை. முதலாவது மெல்லிய உறை போட்ட ஏ-டெல்டா இழை. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது உறையே இல்லாத சி இழை. நொடிக்கு 2 மீட்டர் தாண்டினாலே பெரிசு, நம்ம நடை வேகம்தான். தொடுதல், அதிர்வு எல்லாம் இவற்றைவிடத் தடிமனான ஏ-பீட்டா இழைகளின் வேலை.

இந்த இழைகள் செத்துப்போனால் என்ன ஆகும்? இதை உலகத்துக்குப் புரிய வைத்த ஊர்களில் நம்ம வேலூருக்குத் தனி இடம் உண்டு.

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். மிஷனரி தம்பதியின் பிள்ளை. லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை இவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் விரல் எலும்பு வரைக்கும் கிழிந்து ரத்தம் சொட்டுகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை! அப்போதுதான் இவருக்குப் பொறி தட்டியது. விரல் தானாக விழவில்லை. சுட்டுக்கொண்டு, கிழித்துக்கொண்டு, சீழ் பிடித்து, தெரியாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ராத்திரியில் சிலருடைய விரல் காணாமல் போவதற்குக் காரணம் என்ன தெரியுமா? எலி! தூங்கும்போது கடித்தாலும் உறைக்காதே. அதற்கப்புறம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினாராம்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும். கை, கால், காது மடல், முழங்கை ஓரமாகத் தோலுக்குக் கீழேயே ஓடும் நரம்பு. அங்கே நரம்புக்கு உறை போடும் ஷ்வான் செல்லுக்குள் குடியேறிவிடும். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-82 வாக்கில். இன்றைக்கு நோய் குணமாகிவிடும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது.

(இங்கே நியூசிலாந்திலும் 1906 முதல் கிறைஸ்ட்சர்ச் பக்கத்துக் குவெயில் தீவில் நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1925ல் மிச்சமிருந்தவர்களை ஃபிஜியின் மகோங்காய் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். ஃபிஜி இந்தியர்களும் அடைபட்டிருந்த தீவு அது. அது தனிப் பதிவுக்கான சோகம்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது பிராண்ட் தோற்ற கதை. 1966ல் அமெரிக்காவின் கார்வில் போனவர், அங்கே செயற்கை வலி தயாரிக்கப் பார்த்தார். கையுறையில் உணரிகள், அழுத்தம் அதிகமானால் காதில் ஒலி. யாரும் மதிக்கவில்லை. சரி, மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்ப்போம் என்றார். வேலை முடிக்கணும் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்! அணைக்க முடிகிற வலி வலியே இல்லை.

இதெல்லாம் எதுக்குன்னா, நம்ம ஆட்களுக்கு இப்போது இந்த வேலையைச் செய்வது சர்க்கரை. இதில் நீளமான இழைகளுக்குத்தான் முதல் அடி. இடுப்புக்கிட்டேயிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரே இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதனால்தான் மரமரப்பு காலில் ஆரம்பித்து, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது.

போன ஜனவரியில் அப்பா ஆக்லாந்து வந்தபோது பீஹா கடற்கரைக்குப் போனோம். அங்கே இரும்புத்தாது கலந்த கறுப்பு மணல். இங்கே ஜனவரி கோடை, மத்தியானம் தோசைக்கல் மாதிரி காயும். சூப்பர் மார்க்கெட்டுக்கே வெறுங்காலோடு வருகிற ஊர்க்காரர்கள்கூட அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மெரினாவில் வாக்கிங் போகிற மாதிரி வருகிறார்.

"சுடலையாப்பா?"

"லேசா வெதுவெதுன்னு இருக்குடா."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, கொப்புளம் இல்லை. ஊருக்குப் போனதும் டாக்டர் நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல். வலது காலில் மூன்று இடத்தில் அப்பாவுக்குத் தெரியவில்லை. செலவில்லாத, அஞ்சு நிமிஷ சோதனை. உங்க வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டு வாங்குங்க.

இப்போ அவருக்கு எம்.சி.ஆர் செருப்பு. அதாவது நுண்துளை ரப்பர். தொழுநோயாளிகளின் பாதத்துக்காக வேலூர்ப் பக்கம் பிராண்ட் காலத்தில் புழக்கத்துக்கு வந்த அதே சமாச்சாரம்தான். வீட்டுக்குள்ளேயும் அதைத்தான் போட்டுக்கணும் என்று அம்மா உத்தரவு. பூஜை ரூம் வாசலில் மட்டும் தினமும் ஒரு சண்டை நடக்கிறதாம்.