இரத்தக் கொழுப்பும் நீரிழிவுக் கண் நோயும்

நீரிழிவு நோயாளரின் விழித்திரையைக் கருவி கொண்டு ஆராயும் மருத்துவர், சில வேளைகளில் அங்கே மெழுகு போன்ற மஞ்சள் நிறப் புள்ளிகளைக் காண்கிறார். இவற்றை வன்கசிவுகள் என்பர். பல்லாண்டுகள் சர்க்கரை மிகுந்த இரத்தம் ஓடுவதால் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்கள் பழுதுறுகின்றன; அவற்றினூடே நீரும், புரதமும், கொழுப்பும் கசிகின்றன. காகிதத்தில் ஒரு துளி நீரும் ஒரு துளி எண்ணெயும் விட்டு வைத்தால், நீர் உலர்ந்து மறையும், எண்ணெய்க் கறையோ நிற்கும். வகுப்பில் ஆசிரியர்கள் எளிதில் காட்டக்கூடிய இந்நிகழ்ச்சிக்கு ஒப்பானதே கண்ணிலும் நடைபெறுகிறது. கூரிய பார்வைக்கு இடமான விழித்திரை நடுவில் இக்கறை படியுமாயின் எழுத்துகள் மங்கிவிடும்.

அங்ஙனமாயின், இரத்தத்தில் கொழுப்பு மிக்கவருக்கு இந்நோய் மிகுதியாக வருமோ? அமெரிக்காவில் நிகழ்ந்த பெரியதோர் ஆய்வின் முடிவு 1996-இல் வெளியாயிற்று. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் கொலஸ்டிரால் 240 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தவரிடம், 200-க்குக் குறைவாக உடையவரைக் காட்டிலும், வன்கசிவுகள் ஏறக்குறைய இருமடங்கு காணப்பட்டன. சென்னை நகரத்தாரிடை நிகழ்த்திய ஆய்வும் 2006-இல் இத்தொடர்பைக் காட்டியது. எனினும் எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாக இல்லை.

வியப்பான செய்தி மருந்தின் வழியே வந்தது. ஃபெனோஃபைபிரேட் என்பது இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பழைய மருந்து. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து ஆகிய நாடுகளில் 9,795 நோயாளரிடம், இதய நோயைத் தடுக்குமா என்று காணவே இதனைச் சோதித்தனர். மருந்து உண்டவருள் 100-க்கு 3.4 பேருக்கும், உண்ணாதவருள் 4.9 பேருக்கும் விழித்திரைக்கு லேசர் சிகிச்சை தேவைப்பட்டது என 2007-இல் தெரியவந்தது. ஆனால் இப்பயன் இரத்தக் கொழுப்பின் அளவைப் பொறுத்ததாகத் தோன்றவில்லை! மருந்து கண்ணில் வேறு வழியாகவும் வேலை செய்கிறது போலும். ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான சோதனையிலும், ஆரம்ப நிலையிலிருந்த கண் நோய் முற்றுவது 27 சதவிகிதம் குறைந்தது. இதயத்தைக் காக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுக்குக் கண் நோயில் இத்தகைய தெளிவான சான்று கிடைக்கவில்லை.

இதைக் கேட்டவுடன் மருந்துக் கடைக்கு விரைவது தகாது. சிறுநீரகத்தின் நிலையறிந்து மருத்துவரே இதனைத் தரவேண்டும். மேலும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதற்கு இது ஈடாகாது.

இந்தியாவில் நீரிழிவுடையோர் ஏறக்குறைய 10 கோடி என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. "எனக்குப் பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று இவருட் பலர் கூறுவதைக் களப்பணியாளர் அறிவர். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. விழித்திரை பெரிதும் கெடும்வரை பார்வை குறைவதும் இல்லை. ஆதலால் பெரியோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில், நோய் தெரிந்த அன்றே கண் பரிசோதனை வேண்டும். பின்னர் ஆண்டுதோறும், அல்லது மருத்துவர் குறித்த காலத்தில், அது தொடர வேண்டும். நீரிழிவுடைய பெண் கருவுற்றால் தொடக்கத்திலேயே பார்த்தல் நன்று. பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். வெயிலில் கண் கூசும். ஆகையால் நோயாளருடன் துணைக்கு ஒருவரையும் அனுப்பி வைத்தல் வேண்டும்.