பாதி இட்லியும் பேச்சுத்துணையும்

எடை குறைப்புக்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆனவருக்குப் பாதி இட்லியே ஒரு வேளைச் சாப்பாடு. அதை மென்று கூழாக்கி விழுங்கி முடிக்க இருபது நிமிடமாவது ஆகும். ஆசைப்பட்டு இன்னொரு வாய் வைத்தால் நெஞ்சுக்குழி அடைக்கும், வாயில் எச்சில் ஊறும், எழுந்து ஓட வேண்டியிருக்கும். தட்டில் மீதியைப் பார்க்கும் அம்மாவோ மாமியாரோ, "இவ்வளவுதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஒவ்வொரு வேளையும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு களைப்பு என்பது, அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் ஒன்றுசேரும் இடமாக வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள் ஆகியிருக்கின்றன. சிகிச்சையின் ஓர் அங்கமாகவே இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அறிவியலில் ஆதாரமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல மெலிந்த ஒரு குழாய். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் 1999இல் உலகுக்கு அறிவித்த ஹார்மோன் அது. 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த இரைப்பை பைபாஸ் முறை வேறு வழியில் போகிறது. அதில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்கள் பெருகுகின்றன. ஆக, இரண்டிலுமே வயிறு சின்னதாவதோடு பசியும் பல மாதங்களுக்கு அடங்கிவிடுகிறது.

பசி அடங்கினாலும் பழக்கம் அடங்குவதில்லை. நாலு மணி டீக்கடையும் வடையும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும், கோபம் வந்தால் தேடிய மிக்சர் பாக்கெட்டும் அப்படியே இருக்கின்றன. வயிறு கேட்கவில்லை, மனசு கேட்கிறது. கூடவே ஊர் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் இலையை மூடப்போனால், "என்ன, ஒண்ணுமே சாப்பிடலையே, சமையல் பிடிக்கலையா?" என்று பெண் வீட்டார் முகம் வாடுகிறது. நம்மிடையே பாசம் சாப்பாடாகத்தான் பரிமாறப்படுகிறது. அதை வாங்க முடியாதவர் எல்லோரும் இருக்கும் இடத்திலேயே தனியாகிப்போகிறார்.

போதாததற்கு ரகசியம். "எப்படி இவ்வளவு எளச்சீங்க?" என்று கேட்டால், "வாக்கிங் போறேன், சோத்தை விட்டுட்டேன்" என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. லெனி வார்டேனியனும் ஜாஸ்மின் ஃபார்டூலியும் ஆஸ்திரேலியாவில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எடை குறைந்தவரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் குறைத்தார் என்றால் மதிப்பு உயர்ந்தது. அறுவை சிகிச்சையால் குறைத்தார் என்று தெரிந்ததும் சோம்பேறி என்ற முத்திரை விழுந்தது. குண்டாக இருந்தபோது ஒரு ஏச்சு, இளைத்த பிறகு இன்னொரு ஏச்சு. வாயை மூடிக்கொள்வதே நல்லது என்று நினைப்பவரிடம் என்ன தப்பு?

நோயாளிகளை ஒன்றாக உட்காரவைப்பது மருத்துவத்துக்குப் பழைய வித்தை. 1905இல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளைச் சேர்த்து வாராந்தர வகுப்பு நடத்தினார். ஆளுக்கொரு நோட்டு. அதில் தினமும் சாப்பிட்டது, ஓய்வெடுத்தது, காய்ச்சல் எல்லாவற்றையும் குறித்துவர வேண்டும். வகுப்பில் பாடம் கேட்டதைவிட, ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் அடைந்ததில்தான் பலன் அதிகம் என்று பிராட் பிற்பாடு உணர்ந்தார். அறுபது வருடம் கழித்து, 1965இல், ஃபிராங்க் ரீஸ்மன் என்ற சமூக அறிவியலாளர் இன்னொன்றைக் கவனித்துச் சொன்னார். உதவி பெறுபவரைவிட உதவி செய்பவர் சில நேரம் அதிகமாகத் தேறுகிறார். இந்தக் கருத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளி என்றாலே வாங்கிக்கொள்ளும் கை என்றுதான் நம் ஆஸ்பத்திரிகள் நினைக்கின்றன. குழுவிலோ அவர் கொடுக்கவும் செய்கிறார்.

அது எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். இந்த மாதிரிக் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் பேச்சு இது. இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் எழுதுகிறாள்: "அக்கா, முடி கொத்துக் கொத்தா கொட்டுது. பயமா இருக்கு. இது மூணாவது மாசம்." அடுத்த நிமிடம் பதில் வருகிறது: "எனக்கும் அப்படித்தான்மா கொட்டுச்சு. சீப்பைப் பார்த்து அழுதேன். ஒன்பதாவது மாசம் குட்டி குட்டியா முளைச்சிடுச்சு. புரோட்டீன் எவ்வளவு எடுக்கிறே? இரும்புச்சத்து டெஸ்ட் பார்த்தியா?"

உடல் வேகமாக மெலியும்போது பெருவாரியான முடிவேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன, இரண்டு மூன்று மாதம் கழித்து அத்தனையும் சேர்ந்து உதிர்கின்றன, பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கின்றன. மருத்துவரும் இதையேதான் சொல்வார். ஆனால் சீப்பைப் பார்த்து அழுத அந்த ராத்திரி மருத்துவரிடம் இல்லை. பதினொன்றரை மணிக்கு அவர் விழித்திருக்கப்போவதும் இல்லை. சிகிச்சை சென்னையிலோ கோவையிலோ நடந்திருக்கும். ஆள் இருப்பது உசிலம்பட்டியில் என்றால், அந்த ஊரில் இதைச் செய்துகொண்ட இன்னொருவரைத் தேடிப்பிடிப்பதே பாடு. கைபேசிக்குள் முந்நூறு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்லாமலும் பேசலாம்.

சரி, இதனால் எடை கூடுதலாகக் குறைகிறதா? ஆதரவுக் குழுக்களில் கலந்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது என்று 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் முனைப்பு அதிகம் உள்ளவர்கள்தானே குழுவுக்கும் வருவார்கள்? எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. புற்றுநோய் மருத்துவம் இதில் ஒரு பாடம் கற்றிருக்கிறது. 1989இல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களை ஆராய்ந்து, குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக அறிவித்தார். உலகமே வியந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தன, அதிலும் மிகவும் வாடியிருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தன. பேச்சுத்துணை செய்வது அதைத்தான். அந்த அளவே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். எடை இயந்திரத்தில் தெரியவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது.

ஏனென்றால், எடை குறைந்தால் மனசும் லேசாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் பலிப்பதில்லை. 2018இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தனியாக இருந்தவர்களுக்குத் துணை அமைவதும் அதிகரித்திருந்தது, துணையோடு இருந்தவர்கள் பிரிவதும் அதிகரித்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 8,815 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. தற்கொலை முயற்சி போன்ற தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகள், சிகிச்சைக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தன. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அப்படி நேர்ந்தது, ஆனாலும் அதைக் கடந்துபோக முடியாது. குழுவில் ஒருவர் எழுதுவதில் அந்த நிழல் தெரிந்தால் அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416 எண்ணையும் கொடுக்க வேண்டும்.

ஆபத்தும் குழுவுக்குள்ளேயே இருக்கிறது. பேரியாட்ரிக், அதாவது எடை குறைப்பு அறுவை சிகிச்சை, ஃபேஸ்புக் குழுக்களில் ஊட்டச்சத்து பற்றி வந்த பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசி 2018இல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவை தவறாகவோ, சரியா தவறா என்றே தீர்மானிக்க முடியாதபடி மொட்டையாகவோ இருந்தன.

இதில் மிக மோசமான பதில், "எல்லாருக்கும் வாந்தி வரும், சரியாயிடும்" என்பது. வைட்டமின் பி1 எனப்படும் தையமின் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். நாள்கணக்கில் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், ஞாபகம் குழம்பும். சீக்கிரம் தையமின் ஏற்றினால் மீட்கலாம், தாமதித்தால் நிரந்தரமாகிவிடும். "சோர்வா இருக்கு, டிரிப் போடுங்க" என்று பக்கத்து கிளினிக்கில் போய்ப் படுத்து, தையமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் நிலைமை இன்னும் கெடக்கூடும். இங்கேதான் ரகசியம் உயிருக்கு உலை வைக்கிறது. ஊர் டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். "முதல்ல ஆப்பரேஷன் பண்ணினதைச் சொல்லுங்க, தையமின் பத்திக் கேளுங்க, இப்பவே கிளம்புங்க" என்று எழுதும் ஒரு மூத்த உறுப்பினர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் தலைவலிக்கு மெடிக்கலில் தானாக இபுபுரூஃபன் வாங்கி விழுங்கினால் குடல் இணைப்பில் புண் வரலாம் என்று நினைவூட்டுவதும் அவர்தான். சிகிச்சை தரும் மருத்துவமனைகள் தங்கள் உணவியலாளர் ஒருவரை வாரம் ஒரு மணி நேரமாவது அந்தக் குழுவில் உட்காரவைத்தால் பாதித் தவறு அன்றே திருத்தப்படும்.

இன்னொரு சேதம் சத்தமில்லாதது. "ஆறு மாசத்துல நாற்பது கிலோ!" என்று முன்னும் பின்னுமாகப் படம் வந்து விழும்போது, இருபத்திரண்டு கிலோ குறைந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார். உயரம், வயது, சர்க்கரை நோய், சிகிச்சை முறை எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஒப்பிட ஒன்றுமே இல்லை. ஆனாலும் மனசு ஒப்பிடும்.

அப்படிக் கவிழ்த்து வைப்பவர்களில் அதிகம் பேர் ஐந்தாம், ஆறாம் வருடத்தில் இருப்பவர்கள் என்பது என் அனுமானம். 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வில் பைபாஸ் செய்தவர்களின் எடை முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தது, பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாக நின்றது. நடுவில் கொஞ்சம் ஏறுவது உடலின் இயல்பு. அதே ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எட்டு கிலோ ஏறியவர் தோற்றுவிட்டதாக நினைத்துக் குழுவைவிட்டு விலகுகிறார். விலகியவருக்கு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க வேண்டும் என்பதை நினைவூட்ட ஆளில்லை. வருடாந்தர ரத்தப் பரிசோதனையும் நின்றுபோகிறது. எடை ஏறினால் இப்போது செமாகுளூடைட் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் யோசிக்கிறார்கள் என்பதும் அவர் காதுக்கு எட்டுவதில்லை.

குழு நடத்துபவர்கள் மாதத்தில் ஒரு நாளை ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு என்று ஒதுக்கலாம். அன்று படம் வேண்டாம், கிலோ வேண்டாம். கடைசியாக ரத்தம் எப்போது பார்த்தீர்கள், பி12 ஊசி எப்போது போட்டீர்கள், ராத்திரி பசிக்கிறதா, வீட்டில் பேச்சு எப்படிப் போகிறது என்று பெயர் சொல்லி விசாரிக்கலாம். பதில் வராதவர்களுக்கு யாராவது ஒருவர் போன் போட வேண்டும்.