கப்பல் ஓட்டுவதும் ஈ ஓட்டுவதும்

வ.உ. சிதம்பரனார் சுக்கான் பிடித்தவர் அல்லர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1906 அக்டோபரில், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் பத்து லட்ச ரூபாய் மூலதனம் திரட்டுவதாகச் சொல்லி, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ம.பொ.சி. இவரைப் பற்றி எழுதிய தம் நூலுக்குக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று பெயர் வைத்தார். 1961-இல் அதே பெயரில் சினிமாவும் வந்தது. வ.உ.சி. மாலுமியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். பஸ் ஓட்டுகிறவர் என்றால் டிரைவர். கப்பல் ஓட்டியவர் மட்டும் எப்படி முதலாளி ஆனார்? ‘ஓட்டிய’ என்பதை எடுத்துவிட்டு அதன் கூட்டாளிச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ‘கப்பல் செலுத்திய தமிழன்’ என்றால் அவர் கேப்டன் ஆகிவிடுவார். ‘கப்பல் கம்பெனி நடத்திய தமிழன்’ என்றால் கணக்கப்பிள்ளை வாசனை அடிக்கும். ‘கப்பல் விட்ட தமிழன்’ காகிதக் கப்பலை நினைவூட்டும். ‘ஓட்டிய’ என்பதில் நடத்தியதும் இருக்கிறது, கடலில் போனதும் இருக்கிறது. ‘வெள்ளைக்காரனை ஓட்டு’ என்னும்போது வரும் விரட்டுதலும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அகராதி செய்கிறவர்களுக்கு வேலை தொடங்குவது இங்கேதான். ஒரு வினைச்சொல்லுக்கு எத்தனை பொருள் என்று அவர்கள் யோசித்து எழுதுவதில்லை. அச்சில் வந்த, பேச்சில் கேட்ட வாக்கியங்களைச் சேர்த்து, ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒரு வாக்கியம் என எழுதி (இன்று கணினியில்), ஒத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எத்தனை அடுக்கு நிற்கிறதோ அத்தனை பொருள். எந்தச் சீட்டு எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கச் சில சோதனைகள் உண்டு.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் சரக்குத் தோணி ஒன்று கட்டிக் கிடக்கிறது. அதைக் காட்டி, ‘இது மாலத்தீவுக்கு ஓடுற தோணி’ என்று சொல்லலாம். கயிற்றில் கட்டிய தோணி ஓடுகிறதாம்! பொய் இல்லை, ‘போய்வரும்’ என்பது அதன் பொருள். அதே தோணி நடுக்கடலில் காற்று வாக்கில் போகும்போது ‘நல்லா ஓடுது’ என்றால் அது வேகம். முன்னதில் ‘போய்வருகிற’ என்று மாற்றிப் போடலாம். பின்னதில் போட முடியாது. ஆக, இரண்டு அடுக்கு.

இன்னொரு சோதனை எதிர்ச்சொல். பையன் ஓடவில்லை என்றால் நடக்கிறான். எஞ்சின் ஓடவில்லை என்றால் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடவில்லை என்றால் தேங்கிக் கிடக்கிறது. படம் ஓடவில்லை என்றால் படுத்துக்கொண்டது. எதிர்ச்சொல் மாறும்போதெல்லாம் பொருளும் மாறுகிறது. ‘எனக்கு ஒண்ணும் ஓடல’ என்பது வினோதமான கேஸ். ‘மனசுல என்ன ஓடுது?’ என்று கேட்கலாம். ‘எனக்கு நல்லா ஓடுது’ என்று யாரும் பதில் சொல்வதில்லை. இந்தப் பொருள் கேள்வியிலும் மறுப்பிலும்தான் உயிரோடு இருக்கிறது. நல்ல அகராதி என்றால் அதையும் குறித்துவைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிரிப்புச் சோதனை. இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே வினையைப் பொதுவாக்கிப் பாருங்கள். ‘அண்ணனும் தம்பியும் ஓடினார்கள்’ என்றால் சும்மா இருப்போம். ‘பக்கத்து வீட்டுப் பெண்ணும் ரஜினி படமும் ஒரே வாரத்தில் ஓடிப்போயின’ என்றால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்தால் பொருள் இரண்டு.

எல்லாம் இப்படிச் சுலபமாகப் பிரிந்துவிடாது. ‘தண்ணீர் ஓடுகிறது’, ‘காலம் ஓடுகிறது’ இரண்டும் ஒரே அடுக்கா? உள்ளங்கையில் ஓடும் ரேகை எதில் சேரும்? அது அசையவே இல்லையே. ஓர் ஆசிரியர் பிரிப்பார், இன்னொருவர் சேர்ப்பார். அதனால்தான் ‘இந்தச் சொல்லுக்கு இத்தனை பொருள்’ என்ற எண்ணிக்கையை நான் அரை நம்பிக்கையோடுதான் வாசிப்பேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் இருந்ததாகச் சொல்வார்கள். பிறகு ‘ரன்’ அதை முந்தியது: 645. அந்த ஒரு வினையைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

தமிழ் ‘ஓடு’ அவ்வளவு சுமப்பதில்லை. ஏழ்மை காரணம் அல்ல. தமிழ் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஆள் ஓடினாலும் ரன், கம்பெனியை நடத்தினாலும் ரன். தமிழில் தானே செய்வது ஓடு, பிறரை அல்லது பிறிதைச் செய்யவைப்பது ஓட்டு. டகரம் ஒன்று இரட்டித்ததும் தனிச்சொல், அகராதியில் தனி இடம். ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு எல்லாம் இதே வார்ப்பு. மிச்சத்தை நடத்து, இயக்கு, பாய், ஒழுகு ஆகியவை பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’, நம்மவர் நிற்கிறார்.

‘ஓட்டு’ தன் பங்குக்கு ஒரு குடும்பமே வைத்திருக்கிறது. ‘மாட்டை ஓட்டிக்கிட்டு வா’ என்றால் மாடு நம்மோடு வர வேண்டும். ‘தோட்டத்துல மாடு மேயுது, ஓட்டு’ என்றால் போய்விட வேண்டும். வியாபாரம் இல்லாத கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். ஓய்வுபெற்றவர் பொழுதை ஓட்டுகிறார். கல்லூரிப் பையன்கள் நண்பனை ‘ஓட்டுகிறார்கள்’, அதாவது கிண்டல் செய்கிறார்கள்.

சொல்லிலிருந்து பொருளுக்கும், பொருளிலிருந்து சொல்லுக்கும் போக இரண்டு வழி வேண்டும் என்பது நம்மவர்களுக்குப் பழகிய விஷயம். திவாகர நிகண்டில் ‘ஒரு சொல் பல்பொருட் பெயர்த்தொகுதி’ தனியாகவே உண்டு. ஆனால் நிகண்டு செய்யுளில் இருக்கிறது. மனப்பாடம் செய்தவருக்கே உதவும். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைச் செய்தபோது அதை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். பெயரகராதியில் சொல்லைத் தேடினால் அதன் பொருள்கள். பொருளகராதியில் பொருளைத் தேடினால் அதற்கான சொற்கள். தொகையும் தொடையும் மற்ற இரண்டு பகுதிகள்.

அவருக்கும் முன்னே, 16-ஆம் நூற்றாண்டிலேயே, புன்னைக்காயலில் இருந்த அன்றிக்கு அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவர் பேசிய தமிழைக் கேட்டுப் போர்ச்சுக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். பாட்டை விட்டுப் பேச்சிலிருந்து வினைகளை எடுத்தவர் என்பதால் இந்தத் தொழிலில் அவருக்குத் தனி மரியாதை தர வேண்டும். கப்பலும் சொல்லும் ஒரே கையில் இருந்த காலமும் உண்டு: சுதேசிக் கப்பல் கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர்.

ஒரே எழுத்து, ஒரே ஒலி என்பதற்காக ஒரே சொல் என்று எண்ணிவிடவும் கூடாது. முத்துச்சிப்பியின் ஓடு வேறு, தோணி ஓடுவது வேறு. இவற்றை அகராதி ஒரே சொல்லின் இரண்டு பொருளாகக் காட்டாமல், தலைக்கு மேலே சிறிய எண் போட்டு இரண்டு சொற்களாகவே வைக்கும். சிப்பி ‘ஓட்டை’ உடைக்கலாம். தோணியிலும் ‘ஓட்டை’ விழலாம். அது மூன்றாவது சொல். ஆங்கிலத்திலிருந்து வந்த தேர்தல் ஓட்டுக்கும் மேலே சொன்ன மாட்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை, சில தேர்தல்களில் இருப்பதுபோலத் தோன்றினாலும்.

அகராதிக்காரரை உண்மையில் திணறவைப்பது ‘சுழியோடு’ போன்றவை. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பவன் காலில் கல்லை மாட்டிக்கொண்டு, மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்க, நேரே கடலடிக்கு இறங்குவான். மூச்சுத் தாங்கும்வரை சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு மேலே வருவான். இதில் ஓட்டம் எங்கே? ஆனாலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவன் சுழியோடிதான். இங்கே தூத்துக்குடியில் அதையே குளித்தல் என்கிறோம், சங்கு எடுக்கிறவரைச் சங்குகுளிப்பவர் என்கிறோம். ‘சுழி’யின் கீழும் ‘ஓடு’வின் கீழும் எத்தனை பொருளை அடுக்கினாலும், இரண்டையும் கூட்டி இந்த வேலையைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சுழியோடு தனித் தலைச்சொல்லாக, அகரவரிசையில் ‘சுழி’க்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.