ஃப்ரீவீலை உளியால் அடிக்காதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு நாள் வரத்தான் செய்யும்: பின்சக்கரத்து ஃப்ரீவீல் தேய்ந்து, மிதிக்க மிதிக்கச் செயின் நழுவும். கழற்றப் போனால் வராது. உடனே உளியை விளிம்பில் வைத்துச் சுத்தியால் அடிக்கிறார்கள். ஃப்ரீவீல் அசையாது; தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணுக்குப் போகும், அல்லது ஹப்பின் மரை சிதையும். மரை போனால் ஹப்பையே மாற்றி, கம்பி முழுவதையும் புதிதாகக் கோக்க வேண்டும்.

ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை மேலும் இறுக்குகிறது. அதை அடித்து வெல்ல முடியாது. முகப்பில் இரண்டு காடி இருக்கிறதா, உள்ளே பல்வரிசை இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற கழற்றும் சாவியை வாங்குங்கள். முதல் நாள் இரவே மரையோரம் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் சாவியைப் பொருத்தி, அது நழுவாதபடி அச்சு நட்டை மேலே போட்டுப் பிடிக்க வையுங்கள். நட்டு போடாமல் திருகினால் காடி உடையும். பிறகு எந்தச் சாவியும் உதவாது. சாவியை பெஞ்ச் வைஸில் இறுக்கிக் கவ்வவிட்டு, டயரை இரு கையாலும் பிடித்து, பஸ் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிப்பதுபோல் திருப்புங்கள். ‘டக்’கென்று விட்டதும் நிறுத்துங்கள். நட்டைத் தளர்த்திய பிறகே மீதியைச் சுழற்ற வேண்டும்.

ஃப்ரீவீல் இல்லாத ஃபிக்ஸட் கியர் வண்டியில் பல்சக்கரத்துக்கு வெளியே ஒரு பூட்டு வளையம் உண்டு. அதன் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அந்த மரை சிதைந்தால் காலால் வேகத்தைக் குறைக்கவே முடியாது. பிரேக் இல்லாமல் அதை ஜி.என்.டி. சாலையில் ஓட்டாதீர்கள்.

உளியால் அடித்துக் கண்ணில் சில்லு விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் துணி நுனியால் எடுக்க வந்தால் விடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குப் போகும் வழியில் செயின் நழுவி விழுந்தவர்கள் செய்யும் தவறு இன்னும் பெரியது. ‘ரோட்டில் விழுந்ததற்குக் கம்பெனி என்ன செய்யும்’ என்று சாதாரண நோய் விடுப்பில் எழுதவிடுகிறார்கள். 2010-இல் அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவாகச் சேர்த்த விதியின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும் வேலைக்காயம்தான். நேரமும் இடமும் வேலையோடு பொருந்த வேண்டும். நோய் விடுப்பு என்றால் கூலியில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான். வேலைக்காயம் என்றால் 90 சதவீதம், குணமாகும் வரை. ஆகவே மருத்துவமனைச் சீட்டில் விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுத வையுங்கள். அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து அறிக்கையை, அதாவது படிவம் 12-ஐ, முதலாளிதான் அனுப்ப வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மீண்டும் சொல்கிறேன், நோய் விடுப்பு என்று எழுத விடாதீர்கள்.

‘நீ காண்ட்ராக்ட் ஆள்’ என்று தட்டிக்கழிப்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, அதற்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு. அறிக்கை அனுப்ப மறுத்தால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனுவை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.