குட்டைச் சேற்றில் ஒரு பாசியும் லாபம் தேடாத ஓர் ஏடும்

'தாங்கல்' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியுமா? மழைநீரைத் தாங்கி வைத்திருக்கும் சிற்றேரிக்குத் தொண்டை மண்டலத்தில் வழங்கிய பெயர் அது. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்களே. நான் குடியிருக்கும் ஈக்காட்டுத்தாங்கலும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். இன்று இங்கே தொழிற்கூடங்களும், கணிப்பொறி அலுவலகங்களும், மெட்ரோ ரயில் நிலையமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. என்றாலும் அடையாறு பக்கத்தில் ஓடுவதால், கார்த்திகை மழைக்குப் பின் பள்ளமான இடங்களில் நீர் தேங்கத்தான் செய்கிறது.

தை, மாசி மாதங்களில் இப்படித் தேங்கிய நீர் சுண்டும்போது, கரையோரச் சேற்றின் மேல் பச்சை நிறத்தில் ஏதேதோ படர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வழுக்கி விழாமல் தாண்டிப் போய்விடுவோம். சென்னையைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் (1886–1963) அப்படித் தாண்டிப் போகாதவர். வற்றிவரும் மழைநீர்க் குட்டைகளின் ஈரச் சேற்றில் வளரும் ஒரு பாசியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதுவரை யாரும் விவரித்திராத பாசி அது. லண்டனில் பாசிகளை ஆராய்ந்து வந்த பேராசிரியர் பிரிட்ச் அவர்களின் பெயரால் அதற்குப் 'பிரிட்ச்சியெல்லா டியூபரோசா' என்று பெயரிட்டார்.

இந்தப் பாசியில் அப்படி என்ன புதுமை? பாசி என்றால் நீரில் மிதக்கும் பச்சை நூல் என்றுதான் நமக்கு எண்ணம். பிரிட்ச்சியெல்லாவோ மண்ணில் வாழ்கிறது. வேரைப்போன்ற நிறமற்ற இழைகளை மண்ணுக்குள் இறக்குகிறது. மண்ணுக்கடியில் செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கின்றன. அந்தக் கொத்துகளிலிருந்து பச்சை இழைகள் கிளைத்து மேலே எழுகின்றன. வறட்சி வந்தால், கிழங்கு போன்ற செல் திரட்சிகள் மண்ணுக்குள் காத்திருந்து அடுத்த மழையில் மீண்டும் வளர்கின்றன. 'டியூபரோசா' என்றால் கிழங்குள்ளது என்று பொருள். கீழே பற்றும் உறுப்பு, மேலே நிமிரும் உறுப்பு என ஒரு செடிக்குரிய வேலைப் பங்கீடு இந்தச் சின்னஞ்சிறு பாசியில் இருப்பதைக் கண்டு அறிஞர்கள் வியந்தார்கள். நீரில் வாழ்ந்த தாவரங்கள் நிலத்தில் எப்படிக் குடியேறின என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு தடயமாகத் தோன்றியது. தாவரவியல் பாடநூல்களிலும் இப்பாசி இடம் பிடித்தது.

சேற்றிலிருந்து பாடநூலுக்கு இது போய்ச் சேர்ந்தது எந்த வழியாக? இயற்பியல் கற்பிக்கும் எனக்குப் பாசியைவிட இந்தக் கேள்விதான் அதிகச் சுவையாக இருக்கிறது.

அய்யங்காரின் கட்டுரை 1932ஆம் ஆண்டு 'நியூ பைட்டாலஜிஸ்ட்' என்ற ஆங்கில ஏட்டின் 31ஆம் தொகுதியில் வெளிவந்தது. இந்த ஏட்டை 1902இல் தொடங்கியவர் ஆர்தர் டான்ஸ்லி. அப்போது அவருக்கு வயது முப்பது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து வந்தார். 'எகோசிஸ்டம்' என்ற சொல்லை நீங்கள் படித்திருப்பீர்கள். சூழல் மண்டலம் என்று தமிழில் சொல்கிறோம். 1935இல் அச்சொல்லை அச்சில் அறிமுகப்படுத்தியவர் இதே டான்ஸ்லிதான். தாவரவியலாளர்கள் தங்களுக்குள் விரைவாகவும் வெளிப்படையாகவும் கருத்துப் பரிமாறிக்கொள்ள ஓர் ஏடு வேண்டும் என்று எண்ணிச் சொந்தப் பணத்தைப் போட்டு அதை நடத்தினார். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் பதிப்பாசிரியராக இருந்துவிட்டு, 1931இல் மூன்று இளைய அறிஞர்களிடம் ஒப்படைத்தார். இன்று அந்த ஏடு ஓர் அறக்கட்டளையின் உடைமை. யாரும் அதன் பங்குகளை வாங்கவோ விற்கவோ முடியாது.

ஒரு கட்டுரை எப்படி ஏட்டில் ஏறுகிறது என்று பார்ப்போம். ஆராய்ச்சியாளர் எழுதி அனுப்புகிறார். பதிப்பாசிரியர் அதைப் படித்து, அத்துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். இவர்களை மதிப்பீட்டாளர்கள் என்போம். பெரும்பாலும் இவர்களுடைய பெயர் எழுதியவருக்குத் தெரியாது, ஊதியமும் கிடையாது. "உன் சோதனையில் இந்த ஓட்டை இருக்கிறது, இந்தப் படம் தெளிவாக இல்லை, இந்த முடிவுக்குச் சான்று போதாது" என்று ஈவிரக்கமில்லாமல் எழுதுவார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடியும் பார்ப்பார்கள். அதன் பிறகே அச்சு. இவ்வளவு சலித்த பின்னும் தவறுகள் தப்பி வருவதுண்டு. ஆனாலும் இதைவிட நல்ல சல்லடை இன்னும் கிடைக்கவில்லை.

எழுதுபவருக்குக் கூலி இல்லை, மதிப்பிடுபவருக்கும் இல்லை. பிறகு செலவு எங்கே? அலுவலகம், மொழித் திருத்தம், படங்கள், அச்சு, இன்றைக்கு மின்னணு வடிவில் பாதுகாத்தல் என்று செலவுக்குக் குறைவில்லை. நூலகங்களின் சந்தாவும், யாவரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையை வெளியிட ஆராய்ச்சியாளரோ அவருடைய நிறுவனமோ செலுத்தும் கட்டணமும் இதை ஈடுகட்டுகின்றன. ஈடுகட்டியது போக மிச்சமும் விழும். அந்த மிச்சம் யாருக்கு?

வணிகப் பதிப்பகமாக இருந்தால் பங்குதாரர்களுக்கு. லாப நோக்கமற்ற அமைப்பாக இருந்தால் விஞ்ஞானத்துக்கே திரும்பவேண்டும். 'லாப நோக்கமற்ற' என்றவுடன் எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். இவர்களும் விலை வைக்கிறார்கள். நியூ பைட்டாலஜிஸ்ட் ஏட்டை அச்சிட்டு விற்பதுகூட ஒரு வணிக நிறுவனத்தின் மூலமாகத்தான். மிச்சத்தை எடுத்துக்கொள்ள முதலாளி இல்லை என்பதுதான் வேறுபாடு. அந்த அறக்கட்டளை தாவர விஞ்ஞானக் கருத்தரங்குகளை நடத்துகிறது. துறையில் புதிதாகக் கால் பதிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு டான்ஸ்லி பெயரில் ஆண்டுதோறும் பதக்கம் வழங்குகிறது. 2019இல் தாவரங்களுக்கும் மக்களுக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கென்றே இன்னோர் ஏட்டையும் தொடங்கியது.

இளைஞர்களைத் தூக்கிவிடுவது ஏன் முக்கியம் என்கிறீர்களா? பாசியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது எளிதல்ல. மருந்து என்றால் நிறுவனங்கள் வரும். குட்டைச் சேற்றுக்கு யார் வருவார்? ஒரு கருத்தரங்கில் பேசக் கிடைக்கும் பத்து நிமிடமும், அங்கே ஏற்படும் அறிமுகமும் ஓர் இளைஞரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிவிடலாம்.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. ஒரு காலத்தில் இந்தியத் தாவரவியலாளர் தம் கண்டுபிடிப்பைக் கப்பல் தபாலில் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1919இல் சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பைசன் இந்தியத் தாவரவியலுக்கென்று ஓர் ஏட்டைத் தொடங்கினார். நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் இவர். அடுத்த ஆண்டே இந்தியத் தாவரவியல் கழகம் பிறந்தது. பிறகு அந்த ஏடு கழகத்தின் ஏடாக ஆயிற்று. 1934இல் சர் சி. வி. ராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தை நிறுவிய கையோடு அதன் ஆய்வேட்டையும் தொடங்கினார். அதில் ஒரு பிரிவு இயற்பியல், வேதியியல், கணிதத்துக்கும், மற்றொரு பிரிவு உயிரியலுக்கும் இருந்தது. ஓர் இயற்பியலாளர் தாவரவியலுக்கும் இடம் ஒதுக்கியது என் போன்றவர்களுக்குச் சற்றே பெருமைதான்!

பிரிட்ச்சியெல்லாவின் கதை 1932உடன் முடியவில்லை. 1941இல் ஆர். என். சிங் அதன் வாழ்க்கை வரலாற்றை அதே நியூ பைட்டாலஜிஸ்டில் விரித்து எழுதினார். பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. செல் இரண்டாகப் பிரியும்போது புதிய சுவர் எழும் இடத்தில் நுண்குழல்கள் எப்படி அமைகின்றன என்று பார்க்க முடிந்தது. நிலத் தாவரங்களில் அவை சுவருக்குச் செங்குத்தாக நிற்கின்றன. பிரிட்ச்சியெல்லாவும் அதன் உறவினங்களும் அடங்கிய கூட்டத்திலோ சுவருக்கு இணையாகக் கிடக்கின்றன. பிற்காலத்து மரபணு ஆராய்ச்சிகளும் சேர்ந்து முடிவைத் தெளிவாக்கின. நிலத் தாவரங்கள் 'கேரா' முதலிய பாசிகள் அடங்கிய கிளையிலிருந்து வந்தவை. பிரிட்ச்சியெல்லா வேறு கிளை. அது நம் நெல்லுக்கும் வேம்புக்கும் மூதாதை அல்ல. ஈர மண்ணில் வாழும் வழியைத் தனியாகக் கண்டுகொண்ட தூரத்து உறவு.

அய்யங்காரின் கட்டுரை இதனால் பழுதாகிவிடவில்லை. அவர் கண்டு எழுதியது பாசியின் அமைப்பை; அது இன்றும் சரிதான். மூதாதை என்னும் ஊகம்தான் விழுந்தது. எது கண்டது, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மூலக் கட்டுரை கையில் கிடைக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஏடுகளின் சந்தா நம் கல்லூரி நூலகங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்து வந்திருக்கிறது. பொதுமக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பொதுமக்களே விலை கொடுத்துப் படிப்பதா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. அது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. எங்கள் துறையில் 1991 முதலே கட்டுரைகளை அச்சுக்கு முன்பாகவே இலவசமாகப் பரிமாறிக்கொள்ள 'ஆர்க்கைவ்' என்ற மின்னணுக் களஞ்சியம் இருக்கிறது. உயிரியல் துறையினருக்கு அந்தப் பழக்கம் தாமதமாகத்தான் வந்தது. நம் மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சேர்த்து.

பள்ளி மாணவர்களான உங்களுக்கு இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1996 ஜனவரி முதல் 'ரெசொனன்ஸ்' என்ற மாத இதழை வெளியிட்டு வருகிறது. அது விஞ்ஞானக் கல்விக்கென்றே நடப்பது. கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆங்கிலம் முதலில் சற்று மிரட்டும். பக்கத்தில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு, படங்கள் நிறைந்த ஒரு தாவரவியல் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.